ஸ்டிஃப்னஸ் முறை: இரண்டு ஸ்பான் பீமில் சி முனை மொமென்ட் பூஜ்யம் வரவில்லை, எங்கே பார்ப்பது?

முனை_சி:

வணக்கம். கணக்கு இதுதான். தொடர் பீம் ஏ-பி-சி. ஏ ஃபிக்ஸட், பி-யும் சி-யும் ரோலர். ஏபி 6 மீ, முழு நீளத்துக்கும் 20 கி.நி/மீ யுடிஎல் (சீராகப் பரவிய லோடு). பிசி 4 மீ, நடுவில் 40 கி.நி பாயின்ட் லோடு. ஈஐ (பீமின் வளைவு விறைப்பு) இரண்டு ஸ்பானுக்கும் ஒன்றே. இடஞ்சுழி மொமென்ட் பிளஸ்.

தெரியாதவை பி-யின் சுழற்சியும் சி-யின் சுழற்சியும் மட்டும். மேட்ரிக்ஸ் இப்படி வருகிறது:

முதல் வரி: 4ஈஐ/6 + 4ஈஐ/4 = 1.6667 ஈஐ, அடுத்து 2ஈஐ/4 = 0.5 ஈஐ
இரண்டாம் வரி: 0.5 ஈஐ, 1.0 ஈஐ

ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட் (முனைகளைச் சுழலாமல் பூட்டினால் வருவது; ஏபி என்றால் ஏபி ஸ்பானின் ஏ முனை): ஏபி +60, பிஏ −60, பிசி +20, சிபி −20. பி-யில் கூட்டினால் −40, சி-யில் −20. இந்த இரண்டையும் லோடு வெக்டராக வைத்துத் தீர்த்தால் பி சுழற்சி −21.18/ஈஐ, சி சுழற்சி −9.41/ஈஐ. அவற்றை வைத்து முனை மொமென்ட் போட்டால்:

ஏபி +52.94, பிஏ −74.12, பிசி −5.88, சிபி −40.00

சி ரோலர், அங்கே பூஜ்யம் வர வேண்டும். பி-யிலும் சமன் ஆகவில்லை. மேட்ரிக்ஸில் பிழையா?

இன்னொன்று. இதே பீமில் பி சப்போர்ட் 5 மி.மீ இறங்கினால் என்ன ஆகும் என்று இரண்டாம் பகுதி கேட்கிறது. ஈஐ = 1 என்று வைத்துப் போட்டேன், விடை கிட்டத்தட்ட மாறவே இல்லை. அது சரியா? கேள்வியில் ஈஐ = 48000 கி.நி.மீ² என்று கொடுத்திருக்கிறார்கள், பீம் 250 × 450 மி.மீ.

விறைப்பணி:

மேட்ரிக்ஸ் சரி. நான்கு ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட்டும் சரி. லோடு வெக்டரின் குறிதான் தலைகீழ்.

ஸ்டிஃப்னஸ் முறையில் நாம் செய்வது இரண்டு கட்டம். முதலில் பி, சி இரண்டு ஜாயின்ட்டையும் சுழலாமல் பூட்டிவிட்டு லோடை வைக்கிறோம். பூட்டு இருக்கிற வரை அது பி-யில் −40, சி-யில் −20 மொமென்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நிஜ பீமில் அந்தப் பூட்டு கிடையாது. ஆகவே இரண்டாம் கட்டத்தில் அதற்கு நேர் எதிரான +40, +20 மொமென்ட்டை ஜாயின்ட்டில் வைத்து, அதற்கு எவ்வளவு சுழல்கிறது என்று கேட்கிறோம். சமன்பாடு:

1.6667 பி + 0.5 சி = 40
0.5 பி + 1.0 சி = 20

(பி, சி என்று எழுதியது சுழற்சியை ஈஐ-ஆல் பெருக்கிய மதிப்பு.) டிடெர்மினன்ட் 1.6667 − 0.25 = 1.4167. அதிலிருந்து

பி = (40 − 10) / 1.4167 = 21.176
சி = (33.333 − 20) / 1.4167 = 9.412

இனி முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் கூட்டுங்கள்:

ஏபி = 60 + (2/6)(21.176) = 67.06
பிஏ = −60 + (4/6)(21.176) = −45.88
பிசி = 20 + 21.176 + 0.5(9.412) = 45.88
சிபி = −20 + 0.5(21.176) + 9.412 = 0

உங்கள் தவறான விடையே பிழை எங்கே என்று சொல்லிவிடுகிறது, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். பி-யில் மிஞ்சியது −74.12 − 5.88 = −80. சி-யில் மிஞ்சியது −40. தொடக்கத்தில் சமனாகாமல் இருந்தது −40, −20. இரண்டு இடத்திலும் சரியாக இரண்டு மடங்கு. சுழற்சி அந்த மிச்சத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் இன்னொரு முறை கூட்டியிருக்கிறது, அதனால்தான் இரண்டு மடங்கு. எத்தனை ஸ்பான் இருந்தாலும், ஃப்ரேமாக இருந்தாலும், எல்லா ஜாயின்ட்டிலும் மிச்சம் இரு மடங்கு என்றால் லோடு வெக்டரின் குறி மட்டும்தான் தவறு. மேட்ரிக்ஸைத் தொடாதீர்கள்.

மிச்சம் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நின்றால், முனை மொமென்ட் போடும்போது சுழற்சியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். ஒரு ஜாயின்ட் மட்டும் சமனாகி மற்றது ஆகவில்லை என்றால், சமனாகாத ஜாயின்ட்டின் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மெம்பரின் 4ஈஐ/எல் சேராமல் போயிருக்கும், அல்லது வேறு ஸ்பானின் நீளம் போட்டிருக்கும்.

ஆனால் ஜாயின்ட் சமன் ஆனால் மட்டும் விடை சரி என்று நினைக்க வேண்டாம். ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட்டிலேயே 60-க்குப் பதில் 90 போட்டிருந்தாலும் ஜாயின்ட் அழகாகச் சமனாகும். ரியாக்‌ஷன் வரை போய்ப் பாருங்கள்:

ஏ = 60 + (67.06 − 45.88)/6 = 63.53
பி இடப்பக்கம் = 56.47, வலப்பக்கம் = 20 + 45.88/4 = 31.47, மொத்தம் 87.94
சி = 8.53

கூட்டினால் 160. லோடு 120 + 40 = 160. இந்தக் கூட்டலும் முழுப் பாதுகாப்பு அல்ல, எந்த முனை மொமென்ட் போட்டாலும் செங்குத்துச் சமன் வந்துவிடும். 60 என்ற எண் டபிள்யூஎல்²/12-ல் இருந்து வந்ததா, 20 என்பது பிஎல்/8-ல் இருந்து வந்ததா என்று தனியாக ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

இறக்கம்_கணக்கு:

இரண்டாம் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் செட்டில்மென்ட்டில் (சப்போர்ட் இறங்கும் கணக்கில்) ஈஐ = 1 வைப்பது கணக்கையே கொன்றுவிடும்.

லோடினால் வரும் மொமென்ட்டில் ஈஐ வெட்டுப்பட்டுப் போகும். ஸ்பான்களுக்கு இடையே உள்ள விகிதம்தான் முக்கியம், அதனால் 1 என்று வைத்தாலும் மொமென்ட் சரியாக வரும். செட்டில்மென்ட்டில் அப்படி வெட்டுப்படாது. மொமென்ட் 6ஈஐ × இறக்கம் / எல்². ஈஐ = 1, இறக்கம் 0.005 மீ என்றால் 6 × 0.005 / 36 = 0.0008 கி.நி.மீ. 60-க்குப் பக்கத்தில் அது தெரியவே தெரியாது. நிஜ ஈஐ போட்டால்:

6 × 48000 × 0.005 = 1440
ஏபி-க்கு 1440/36 = 40, பிசி-க்கு 1440/16 = 90

குறி: ஏபி-யில் வலது முனை இறங்குகிறது, எனவே இரண்டு முனையிலும் இடஞ்சுழி, +40. பிசி-யில் இடது முனை இறங்குகிறது, இரண்டு முனையிலும் −90. ஒரே மெம்பரின் இரு முனைக்கும் ஒரே குறிதான் வரும். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ் என்று எழுதினால் அங்கேயே தவறு. யுடிஎல்-இன் பழக்கத்தில் கை அப்படிப் போகும், கவனம்.

ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட் இப்போது: ஏபி 100, பிஏ −20, பிசி −70, சிபி −110. மேட்ரிக்ஸ் மாறாது. வலப்பக்கம் மட்டும் 90, 110.

பி = (90 − 55)/1.4167 = 24.706
சி = (183.333 − 45)/1.4167 = 97.647

ஏபி = 100 + 8.235 = 108.24
பிஏ = −20 + 16.471 = −3.53
பிசி = −70 + 24.706 + 48.824 = 3.53
சிபி = −110 + 12.353 + 97.647 = 0

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெறும் 5 மி.மீ. பி-யில் ஹாகிங் (மேல்பக்கம் இழுபடும் மொமென்ட்) 45.88-லிருந்து 3.53-க்கு விழுந்துவிட்டது. அந்தச் சுமை எங்கும் மறையவில்லை. ஏ-யில் 67.06 இருந்தது 108.24 ஆகிவிட்டது. பிசி நடுவில் சாகிங் (கீழ்ப்பக்கம் இழுபடும் மொமென்ட்) 8.53 × 2 = 17.06 இருந்தது, சி ரியாக்‌ஷன் 19.12 ஆனதால் 38.24 ஆகிறது, இரண்டு மடங்குக்கு மேல். பி ரியாக்‌ஷன் 87.94-லிருந்து 63.43-க்குக் குறைகிறது.

டிசைனுக்கு இதை எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: பி-யில் மேல் கம்பியை 3.53-க்குக் குறைக்கக் கூடாது. இறக்கம் வரலாம், வராமலும் போகலாம். இறங்காத நிலை பி-க்கு மோசம், இறங்கிய நிலை ஏ-க்கும் பிசி நடுவுக்கும் மோசம். ஒவ்வொரு இடத்துக்கும் எது பெரியதோ அது. இன்னொன்று, இந்த 48000 கிராஸ் செக்‌ஷனின் ஈஐ. எம்25 தரக் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456:2000 தரும் ஈ மதிப்பு 5000√25 = 25000 நி/மி.மீ², 250 × 450-க்கு வைத்தால் 47461 வருகிறது. பீம் விரிசல் விட்டால் நிஜ ஈஐ இதைவிடக் குறைவு. இறக்கம் மெல்ல மெல்ல நடந்தால் க்ரீப்பும் (நீண்டகாலச் சுமையில் கான்கிரீட் மெல்ல நெகிழ்வது) மொமென்ட்டைத் தளர்த்தும். ஆகவே மேலே வந்த செட்டில்மென்ட் மொமென்ட்டை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கால்_விறைப்பு:

கையால் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. சி-யில் மொமென்ட் பூஜ்யம் என்று முன்பே தெரியும். அதனால் சி சுழற்சியைத் தெரியாதவையில் இருந்து எடுத்துவிடலாம். பிசி-யின் ஸ்டிஃப்னஸ் 4ஈஐ/எல்-க்குப் பதில் 3ஈஐ/எல் = 0.75 ஈஐ.

மொத்தம்: 0.6667 + 0.75 = 1.4167. மேலே வந்த டிடெர்மினன்ட்டும் இதே எண்தான், அது தற்செயல் அல்ல. இரண்டாம் வரியின் மூலைவிட்ட உறுப்பு 1.0 என்பதால், சி-யை நீக்கினால் மிஞ்சுவது 1.6667 − 0.5 × 0.5 / 1.0. கண்டென்சேஷன் என்று சொல்வது இதைத்தான். 3ஈஐ/எல் என்பது தனி சூத்திரம் போலத் தெரிந்தாலும் இந்த நீக்கலின் விளைவு அவ்வளவே.

இதில் பலர் வழுக்கும் இடம்: ஸ்டிஃப்னஸை மாற்றுவார்கள், ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். சி-யைத் திறந்துவிட்டால் அங்கிருந்த −20-இல் பாதி, குறி மாறி, பி-க்கு வரும். பிசி = 20 + 10 = 30. சூத்திரத்தில் 3பிஎல்/16 = 3 × 40 × 4 / 16 = 30, அதே. பி-யில் கூட்டு −60 + 30 = −30, சுழற்சி 30/1.4167 = 21.176. ஒரே சமன்பாடு, மேட்ரிக்ஸே வேண்டாம். 20-ஐ மாற்றாமல் விட்டால் 40/1.4167 = 28.24 வரும், பார்க்க நியாயமான எண்ணாகத்தான் இருக்கும். பி-யில் போய் 3ஈஐ/எல் வைத்தே சரிபார்த்தால் சமனும் ஆகிவிடும். அதுதான் இதில் ஆபத்து.

செட்டில்மென்ட்டுக்கும் இதே விதி. பிசி-க்கு 6 போய் 3 ஆகும்: 3 × 48000 × 0.005 / 16 = 45. பி-யில் −60 + 40 + 30 − 45 = −35. சுழற்சி 35/1.4167 = 24.706. மேலே உள்ளவர் போட்டதே.

முனை_சி:

மூவருக்கும் நன்றி. மூன்று வழியிலும் ஒரே எண் வந்தது. இதையே ஸ்ப்ரெட்ஷீட்டில் பொதுவாகச் செய்யப் பார்க்கிறேன். ஒரு ஜாயின்ட்டுக்கு செங்குத்து நகர்வு, சுழற்சி என இரண்டு, மொத்தம் 6 × 6. இன்வெர்ஸ் எடுத்தால் ராட்சத எண்கள் வருகின்றன. சப்போர்ட்டுக்கு மூலைவிட்டத்தில் 10^30 சேர்த்தால் சரியாகிறது, ஆனால் செட்டில்மென்ட் கொடுக்கும்போது பி ரியாக்‌ஷன் தாறுமாறாக வருகிறது. தவிர, கல்லூரியில் உள்ள சாஃப்ட்வேர் தரும் மொமென்ட் நம் விடையோடு அச்சாகப் பொருந்தவில்லை, சிறிய வித்தியாசம் இருக்கிறது.

விறைப்பணி:

முதலில் ராட்சத எண்கள். சப்போர்ட்டே இல்லாத பீமுக்கு இன்வெர்ஸ் கிடையாது. முழுப் பீமும் வளையாமல் மேலே போகலாம், அல்லது விறைப்பாகச் சாயலாம், இரண்டுக்கும் எந்த எதிர்ப்பும் இல்லை. அதனால் 6 × 6-க்கு டிடெர்மினன்ட் பூஜ்யம். கணினியின் ரவுண்டிங்கில் அது சரியாகப் பூஜ்யமாக விழாமல் மிகச் சிறிய எண்ணாக நின்றால், இன்வெர்ஸில் ராட்சத எண்கள் வரும். அப்படி ஒரு விடை வந்தால் ஃபார்முலாவைத் தேடாமல் சப்போர்ட்டைத் தேடுங்கள்.

அடுத்து, 10^30. கணினி ஒரு எண்ணை 15-16 இலக்கம் வரைதான் வைத்திருக்கும். இப்படி மூலைவிட்டத்தில் பெரிய எண் சேர்க்கும் பெனால்டி முறையில் ரியாக்‌ஷன் என்பது அந்தப் பெரிய எண் × (கொடுத்த இறக்கத்துக்கும் கிடைத்த இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்). 10^30 வைத்தால் கிடைத்த இறக்கம் 0.005-உடன் கடைசி இலக்கம் வரை ஒட்டிக்கொள்ளும், வித்தியாசம் பூஜ்யம் அல்லது குப்பை. அதை 10^30-ஆல் பெருக்கினால் தாறுமாறுதான் வரும். இறக்கம் பூஜ்யமாக இருந்தபோது கழித்தலே இல்லாததால் தப்பித்தீர்கள். பெனால்டி வேண்டுமென்றால் மேட்ரிக்ஸின் மிகப் பெரிய உறுப்பைப் போல 10^6 மடங்கு போதும்.

நான் பெனால்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். வரிகளைப் பிரித்துவிடுங்கள். தெரியாத சுழற்சிகளின் வரிகள் மட்டும் எடுத்து, தெரிந்த நகர்வுகளின் நெடுவரிசைகளை வலப்பக்கம் கொண்டுபோங்கள். பி நகர்வுக்கான நெடுவரிசை, பி சுழற்சி வரியில்: ஏபி-யிலிருந்து −6ஈஐ/36, பிசி-யிலிருந்து +6ஈஐ/16. −0.005-ஆல் பெருக்கினால் +40 − 90 = −50. சி சுழற்சி வரியில் −90. மேலே கையால் சேர்த்த அதே எண்கள். அவை மைனஸோடு வலப்பக்கம் போகும்: 40 + 50 = 90, 20 + 90 = 110.

ரியாக்‌ஷன் எடுக்கும்போது மூன்று பங்கு உண்டு: சுழற்சிகளால் வருவது, இறக்கத்தால் வருவது, பூட்டிய நிலையில் லோடு கொடுத்தது. கடைசியை மறப்பவர்கள்தான் அதிகம். இறக்கம் இல்லாத நிலையில் பி-க்குப் போட்டுப் பாருங்கள்: 0.2083 × 21.176 + 0.375 × 9.412 = 7.94. இதுதான் ரியாக்‌ஷன் என்று நிறுத்தினால் போச்சு. பூட்டிய நிலையின் 60 + 20 = 80 சேர்த்தால் 87.94.

எம்மல்ட் (மேட்ரிக்ஸ் பெருக்கல்), எம்இன்வெர்ஸ் பழைய எக்செலில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-என்டர் அழுத்தினால்தான் முழு அணியையும் நிரப்பும். வெறும் என்டர் என்றால் ஒரே ஒரு கட்டம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்_கணக்கு:

சாஃப்ட்வேர் வித்தியாசம் பெரும்பாலும் ஷியர் டிஃபர்மேஷன் (ஷியர் விசையால் வரும் கூடுதல் உருமாற்றம்). பல மென்பொருள்கள் அதைச் சேர்த்தே கணக்கிடும், நம் 4ஈஐ/எல் அதை விட்டுவிட்ட சூத்திரம். சேர்த்தால் 4 என்பது (4 + ஃபை)/(1 + ஃபை) ஆகும், 2 என்பது (2 − ஃபை)/(1 + ஃபை), 6 என்பது 6/(1 + ஃபை). ஃபை = 12ஈஐ / (ஜி × ஷியர் பரப்பு × எல்²), ஜி என்பது ஷியர் மாடுலஸ். செவ்வகக் கான்கிரீட் பீமுக்கு பாய்சான் விகிதம் 0.2, ஷியர் பரப்பு மொத்தப் பரப்பில் 5/6 என்று வைத்தால் ஃபை = 2.88 × (ஆழம்/ஸ்பான்)².

உங்கள் பிசி-யில் 450/4000, ஃபை = 0.036. 4 போய் 3.89 ஆகும், 2 போய் 1.89 ஆகும். ஏபி-யில் ஃபை = 0.016, 4 போய் 3.95. லோடு மொமென்ட்டில் விகிதங்கள்தான் ஆள்வதால் மாற்றம் சிறிது. செட்டில்மென்ட் மொமென்ட்டில் ஈஐ நேராக வருவதால் பிசி-யின் 90 போய் 86.8 ஆகும், அங்கே வித்தியாசம் கண்ணில் படும்.

சோதிக்க: மென்பொருளில் அந்த செக்‌ஷனின் ஷியர் டிஃபர்மேஷனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 45.88 வர வேண்டும். வராவிட்டால் ஈஐ-யைப் பாருங்கள். சில மாடல்களில் பீமுக்கு விரிசல் காரணி ஏற்கெனவே போட்டிருக்கும். இரண்டு ஸ்பானுக்கும் ஒரே காரணி என்றால் லோடு மொமென்ட் மாறாது, செட்டில்மென்ட் மொமென்ட் மட்டும் அந்தக் காரணி அளவுக்குச் சுருங்கும். அந்த ஒரு அறிகுறியை வைத்தே காரணம் ஷியரா, காரணியா என்று பிரித்துவிடலாம்.

முக்கால்_விறைப்பு:

ஷீட்டைப் பொதுவாக்குவதற்கு முன் விடை தெரிந்த சின்னக் கணக்குகளில் ஓட்டிப் பாருங்கள். ஒரே மெம்பர் கேன்டிலீவர், நுனியில் பாயின்ட் லோடு: இறக்கம் பிஎல்³/3ஈஐ அச்சாக வர வேண்டும், தோராயமாக அல்ல. பிறகு அதே கேன்டிலீவரை சமமற்ற இரண்டு துண்டாக, 1 மீ, 3 மீ என்று வெட்டுங்கள். விடை ஒரு இலக்கமும் நகரக் கூடாது. நகர்ந்தால் அசெம்ப்ளியில் ஜாயின்ட் எண்கள் மாறியிருக்கின்றன. சம துண்டாக வெட்டினால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும், அதனால்தான் சமமற்ற துண்டு என்கிறேன்.

ஃப்ரேமுக்குப் போகும்போது தூணுக்கு டிரான்ஸ்ஃபர்மேஷன் (மெம்பர் திசையிலிருந்து பொதுத் திசைக்கு மாற்றுவது) வரும். வரிசை: டிரான்ஸ்போஸ் × மெம்பர் மேட்ரிக்ஸ் × டிரான்ஸ்ஃபர்மேஷன். முன்பின் மாறினாலும் மேட்ரிக்ஸ் சமச்சீராகவே இருக்கும், மெம்பர் 90 டிகிரியில் நின்றால் நுனி நகர்வை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மெம்பர் திசை தலைகீழானதாக மட்டும் தெரியும். அதனால் 30 டிகிரி சாய்ந்த ஒற்றைக் கேன்டிலீவரில் மெம்பருக்குச் செங்குத்தாக லோடு வைத்துச் சோதியுங்கள். நுனி நகர்வு முழுக்க மெம்பருக்குச் செங்குத்தான திசையில், பிஎல்³/3ஈஐ அளவில் வர வேண்டும். மெம்பர் நெடுகிலும் நகர்வு காட்டினால் வரிசை மாறிவிட்டது.